கண் கொடுத்தவர்கள்: ஃபனி கிறொஸ்பியின் வாழ்வும் பாட்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையைத் தொடர்ந்து நடைபெற்ற ஒன்றுகூடலில் எங்கள் வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பும் ஒரு சிறு உரை தரவேண்டும் என்று செயற்குழு கேட்டபோது எதைப் பேசுவது என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. இந்த மண்டபத்தின் இடப்பக்க மூலையில் அந்தப் பழைய ஓகன் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்மேல் அட்டை கிழிந்த ஞானப்பாட்டுப் புத்தகங்கள் கிடக்கும். காலைப் பிரார்த்தனைக்கு மணி அடித்ததும் பாட்டின் இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதுவது எங்கள் வகுப்பின் வேலை. இங்கிலிஷ் புத்தகத்தில் பாட்டின் கீழே சின்ன எழுத்தில் எழுதியவரின் பெயர் இருக்கும். பக்கம் புரட்டப் புரட்ட ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ஃபனி கிறொஸ்பி. "இவவுக்கு வேற வேலை இல்லையோ?" என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அவர் கண் தெரியாதவர் என்று அன்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் வகுப்பில் ஒரு காரியம் வேறு விதமாக நடந்திருக்குமோ என்ற கேள்வி இப்போது எங்களுக்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் அந்த அம்மையாரின் கதை.

பிரான்சஸ் ஜேன் கிறொஸ்பி 1820 மார்ச் 24ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு கிராமத்துக் குடும்பத்தில் பிறந்தார். ஆறு கிழமைக் குழந்தையாக இருக்கும்போது கண்ணில் நோய் கண்டது. வழக்கமான வைத்தியர் ஊரில் இல்லை. வைத்தியம் தெரியும் என்று வந்த ஒருவர் குழந்தையின் கண்ணில் சூடான கடுகுப் பற்றுப் போட்டார். பார்வை போய்விட்டது என்பதே குடும்பத்தார் வாழ்நாள் முழுவதும் சொன்ன கதை. குழந்தை பிறக்கும்போதே பார்வைக் குறைவு இருந்திருக்கலாம் என்று பிற்கால வைத்தியர்கள் சிலர் கருதுகிறார்கள். எது எப்படியோ, அதே ஆண்டு முடிவதற்குள் தகப்பனும் இறந்துபோனார். 21 வயதுத் தாய் மேர்சி, பிறர் வீடுகளில் வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தார். ஐந்து வயதில் பிள்ளையை நியூயோர்க் நகருக்குக் கொண்டுபோய், அந்நாளில் பேர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் வலன்டைன் மொட் என்பவரிடம் காட்டினார்கள். இனிப் பார்வை வராது என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டுகளில் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் ஊழியம் தொடங்கியது 1816இல். உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை ஒன்றை அவர்கள் ஆரம்பித்தது 1824இல். அப்போது ஃபனிக்கு நாலு வயது. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று இங்கே கேட்ட அதே காலத்தில், கண் தெரியாத பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அங்கே கேட்டார்கள். கேள்வி இரண்டும் ஒன்றுதான்.

அங்கே அதற்கு முதலில் பதில் சொன்னவர் ஒரு பாட்டி. தாயின் தாய் யூனிஸ். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பறவைகளையும் பூக்களையும் மரங்களையும் நிறங்களையும் சொல்லால் காட்டினார். இலையைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் செய்தார். வேதாகமத்தை வாசித்துக் காட்டினார். பிறகு குடும்பம் கனெக்டிகட் மாநிலத்து றிட்ஜ்ஃபீல்ட் என்ற ஊருக்குப் போனபோது, அங்கே வீட்டுக்காரியாக இருந்த ஹோலி என்ற அம்மா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கிழமைக்கு ஐந்து அதிகாரம் என்று கணக்கு வைத்து மனனம் செய்வித்தார். பதினைந்து வயதாவதற்குள் மோசேயின் ஐந்து ஆகமங்களும் நாலு சுவிசேஷங்களும் நீதிமொழிகளும் பல சங்கீதங்களும் அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம். எண்ணாயிரம் பாட்டுக்கான சொற்களஞ்சியம் இப்படித்தான் சேர்ந்தது. வானத்திலிருந்து விழவில்லை. ஒரு பாட்டியும் ஒரு அயலவரும் நாளாந்தம் உட்கார்ந்து வாசித்துச் சேர்த்துக் கொடுத்தது.

1835இல், பதினைந்து வயது நிறையும் தறுவாயில், நியூயோர்க் பார்வையற்றோர் கல்விநிலையத்தில் ஃபனி சேர்க்கப்பட்டார். அந்த நிலையம் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கி அப்போது மூன்று ஆண்டுதான். அங்கே மாணவியாக இருந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியையாகி இலக்கணமும் சரித்திரமும் படிப்பித்தார். பியானோ, ஓகன், யாழ், கிற்றார் எல்லாம் வாசித்தார். முதற் கவிதைப் புத்தகம் 1844இல் வெளிவந்தது. 1849இல் நகரில் கொலரா பரவியபோது ஊரைவிட்டுப் போகாமல் நின்று நோயாளரைப் பராமரித்தார். அந்நிலையத்தில் 1853 தொடக்கம் ஓராண்டு வேலை செய்த பதினாறு, பதினேழு வயது இளைஞன் ஒருவன் ஓய்வு நேரத்தில் ஃபனி சொல்லச் சொல்லக் கவிதைகளை எழுதிக் கொடுத்தான். அவன்தான் பின்னாளில் இருமுறை அமெரிக்க ஜனாதிபதியான குறோவர் கிளீவ்லண்ட்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஃபனி கிறொஸ்பியைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வார்கள். தன் குருட்டுத்தனத்துக்காக அவர் முறுமுறுத்ததே இல்லை, பார்வை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார், பரலோகத்தில் தான் முதலில் காணப்போவது மீட்பரின் முகமாக இருக்கட்டும் என்பார், என்று. இது உண்மைதான். தன் கண்ணைக் கெடுத்தவர்மீதுகூட அவர் கோபம் வைக்கவில்லை. ஆனால் கதையின் மற்றப் பாதியை ஏனோ சொல்வதில்லை. 1844 ஜனவரியில், பார்வையற்ற மாணவர் குழுவோடு வோஷிங்டனுக்குப் போய், அமெரிக்கக் காங்கிரஸின் முன் நின்று தன் கவிதையை அவர் சொன்னார். 1846இல் திரும்பவும் போனார். எதற்காக? பார்வையற்ற பிள்ளைகளின் கல்விக்கு அரசு உதவவேண்டும் என்று கேட்பதற்காக. தனக்காக முறுமுறுக்காதவர் மற்றப் பிள்ளைகளுக்காக வாய் திறந்து கேட்டார். பொறுமை என்றால் பேசாமல் இருப்பது என்று எங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். அந்த அம்மையாரின் பொறுமை அப்படிப்பட்டது அல்ல.

1850 நவம்பரில் மெதடிஸ்த சபையின் எழுப்புதல் கூட்டம் ஒன்றில் அவருடைய விசுவாச வாழ்வு புதிதானது. ஆனாலும் ஞானப்பாட்டு எழுத்து உடனே தொடங்கவில்லை. ஐம்பதுகளில் ஜோர்ஜ் றூட் என்ற இசையாசிரியரோடு சேர்ந்து வீடுகளில் பாடும் பாட்டுகளையே எழுதினார். அவற்றில் சில நாடெங்கும் விற்பனையாயின. 1858இல் அலெக்சாண்டர் வான் அல்ஸ்டைன் என்பவரை மணம் முடித்தார். அவரும் பார்வையற்றவர், தேர்ந்த ஓகன் வாத்தியக்காரர். 1859இல் அவர்களுக்குக் குழந்தை பிறந்து, கைக்குழந்தையாகவே இறந்துபோயிற்று. இதைப் பற்றி ஃபனி அதிகம் பேசியதில்லை.

1864 பெப்ரவரியில் வில்லியம் பிராட்பரி என்ற இசையமைப்பாளர் அவரிடம் ஒரு பாட்டுக் கேட்டார். அப்போது ஃபனிக்கு வயது 43. எங்களில் பலர் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைக்கத் தொடங்கும் வயது. தன் உண்மையான வேலை அன்றுதான் தொடங்கியது என்று அவர் சொல்வாராம். அதிலிருந்து இறக்கும்வரை அரை நூற்றாண்டு. பிக்லோ அன்ட் மெயின் என்ற பதிப்பகத்துக்குக் கிழமைக்கு மூன்று பாட்டு என்ற ஒப்பந்தம். மொத்தம் எண்ணாயிரத்துக்கு மேல். ஒரே புத்தகத்தில் ஒருவரின் பெயரே நிறைந்திருந்தால் நன்றாயிராது என்று பதிப்பகத்தார் தயங்கியதால் ஏறக்குறைய இருநூறு புனைபெயர்களில் எழுதினார். நாங்கள் "இவவுக்கு வேற வேலை இல்லையோ" என்று சிரித்தது அவருடைய சொந்தப் பெயரை மட்டும் எண்ணித்தான்!

எப்படி எழுதினார்? கையால் எழுதவில்லை. மனத்திலே அமைத்து, மனத்திலேயே திருத்தி, அங்கேயே அடுக்கி வைத்துக்கொண்டு, எழுதுகிறவர் வந்ததும் சொல்லிக் கொடுப்பார். ஒரே தடவையில் பல பாட்டுகளை இப்படி வரிசையாகச் சொல்லுவார். கேட்டு எழுதிய கை கணவருடையதாகவோ சிநேகிதியுடையதாகவோ பதிப்பகத்து எழுதுவினைஞருடையதாகவோ இருந்தது.

1868இல் ஒரு நாள் வில்லியம் டோன் என்பவர் புதிதாக ஒரு மெட்டோடு வந்தார். றெயிலுக்கு இன்னும் 40 நிமிடமே உண்டு, அதற்குள் சொற்கள் வேண்டும் என்றார். மெட்டைக் கேட்டுவிட்டு ஃபனி உள்ளே போனார். திரும்பி வந்து முழுப்பாட்டையும் சொன்னார். "சேஃப் இன் த ஆர்ம்ஸ் ஒவ் ஜீசஸ்" என்ற அந்தப் பாட்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மாருக்கு மரணவீட்டில் துணைநின்றது. தன் குழந்தையைப் பறிகொடுத்து ஒன்பது ஆண்டுகளின் பின் அவர் அதைச் செய்தார். 40 நிமிடத்தில் வந்த பாட்டு என்று வியக்கிறோம். ஒன்பது ஆண்டாக உள்ளே கிடந்தது என்று சொன்னாலும் தவறில்லை.

1873இல் பீபி நப் என்ற சிநேகிதி புது மெட்டொன்றை வாசித்துக் காட்டி, இது என்ன சொல்கிறது என்று கேட்டார். கேட்ட இடத்திலேயே பிறந்தது "பிளெசட் அஷுவரன்ஸ்". சிறைச்சாலை ஒன்றுக்குப் போய் வந்ததன் பயனாகப் பிறந்தது "பாஸ் மீ நொட்". நியூயோர்க்கின் ஏழைத் தொழிலாளர் கூட்டங்களுக்குப் போய் வந்ததில் 1869இல் பிறந்தது "றெஸ்கியூ த பெரிஷிங்". மூடி, சாங்கி என்ற இரு சுவிசேஷகர்கள் எழுபதுகளில் பிரித்தானியாவெங்கும் கூட்டங்கள் நடத்தியபோது இந்தப் பாட்டுகளும் கூடவே போயின. அங்கிருந்து மிஷனரிமாரின் பெட்டிகளில் ஏறிக் கீழைத்தேசங்களுக்கு வந்தன. தமிழிலும் சில பெயர்க்கப்பட்டு, கீர்த்தனைகளுக்குப் பக்கத்தில் இடம்பிடித்துக்கொண்டன.

அவருடைய பாட்டெல்லாம் உயர்ந்த கவிதை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1892இல் வெளிவந்த ஞானப்பாட்டு அகராதியில் ஜோன் ஜூலியன் என்ற அறிஞர், சிலவற்றைத் தவிர மற்றவை வலுக்குறைந்தவை என்றே தீர்ப்பெழுதினார். எண்ணாயிரத்தில் இன்று உலகம் பாடுவது சில பத்து. கிழமைக்கு மூன்று எழுதினால் எல்லாமே முத்தாகாது. இது அவருக்கும் தெரியும். ஆனால் எது முத்து என்று எழுதும்போது யாருக்குத் தெரியும்? 1875இல் வெளியான "டு கோட் பி த குளோரி" என்ற பாட்டை அமெரிக்காவில் மறந்தேவிட்டார்கள். 1954இல் லண்டனில் பில்லி கிரகாமின் கூட்டங்களில் பாடப்பட்ட பிறகுதான் அது உலகப் பாட்டானது. எழுதி 79 ஆண்டு, எழுதியவர் இறந்து 39 ஆண்டு.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு பாட்டுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு டொலர், இரண்டு டொலர். உரிமை பதிப்பகத்துக்கும் இசையமைத்தவருக்கும். கிடைத்ததிலும் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, மன்ஹற்றனில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் சின்ன அறைகளில் குடியிருந்தார். அறுபது வயதுக்குப் பிறகு குடிபோதையில் விழுந்தவர்களுக்கும் வேலையற்றவர்களுக்குமான மிஷன் இல்லங்களே அவருக்குப் பெரிய ஊழியம். கணவரும் அவரும் கடைசிக்காலத்தில் வெவ்வேறு இடங்களில் வாழ்ந்தார்கள். 1902இல் கணவர் காலமானார். 1900இலிருந்து கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் உறவினரோடு இருந்த ஃபனி, 1915 பெப்ரவரி 12இல், 95 வயதாவதற்குச் சில கிழமைகள் இருக்கையில் கண்மூடினார். அவருடைய கல்லறையில் முதலில் வைத்தது சின்னக் கல். பரிமளதைலம் ஊற்றிய பெண்ணைப் பற்றி இயேசு சொன்னதை அதில் பொறித்தார்கள். தன்னால் இயன்றதை அவள் செய்தாள் என்பதே அதன் பொருள்.

இனி எங்கள் காரியம்.

எழுபதுகளின் முற்பகுதியில் எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். பாட்டில் இரண்டாம் குரல் அவள்தான். அவள் பிடித்தால் மற்றவர்கள் பிசகமாட்டார்கள். எட்டாம் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று முன்வாங்குக்கு வந்தாள். பிறகு கண்ணாடி போட்டாள். பிறகு கண்ணாடிக்கும் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பு இரண்டாந் தவணை முடிந்து வந்தபோது அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது. இனி வரமாட்டாள் என்றார்கள். நாங்கள் ஒரு நாள் அழுதோம். அவளுக்காகச் ஜெபம் செய்தோம். வெளிச்சத்தைப் பற்றிய பாட்டு ஒன்றை அந்தக் கிழமையே பாடினோம். அதோடு விட்டுவிட்டோம். அவள் வீடு பாடசாலையிலிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலம்.

இந்த மலருக்காகப் பழைய மாணவிகளின் விலாசங்களைச் சேர்க்கும்போது அவளைத் தேடிப் பிடித்தோம். இடப்பெயர்வுகளெல்லாம் கடந்து, இப்போது தம்பியின் குடும்பத்தோடு இருக்கிறாள். நாங்கள் மூன்று பேர் போனோம். குரலைக் கேட்டே ஒவ்வொருத்தியையும் பெயர் சொன்னாள். ஞானப்பாட்டுகளெல்லாம் முதலாம் குரலும் இரண்டாம் குரலுமாக அவளுக்கு மனப்பாடம். தேத்தண்ணி குடித்து, சிரித்துப் பேசி, வெளிக்கிடும் நேரத்தில் ஃபனி கிறொஸ்பியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றோம். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குப் படிப்பு ஓடாமல் இல்லையடி. ஒரு ஆள் வந்து புத்தகத்தை வாசிச்சுக் காட்டியிருந்தால் நானும் சோதினை எடுத்திருப்பன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குப் பொறுக்கமுடியாமல் இருந்தது.

நாங்கள் கெட்ட பிள்ளைகள் அல்ல. அப்படி ஒன்று செய்யலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கண் தெரியாவிட்டால் படிப்பு முடிந்தது என்று அவளுடைய வீடும் நினைத்தது, நாங்களும் நினைத்தோம். அதே நேரத்தில் கண் தெரியாத ஒரு பெண்ணின் பாட்டுகளை நாங்கள் காலைதோறும் பாடிக்கொண்டிருந்தோம். ஃபனியிடம் இருந்த திறமை அவளிடம் இருந்ததா என்பது கேள்வி அல்ல. ஃபனிக்கு இருந்த பாட்டி, ஹோலி அம்மா, எழுதிக் கொடுத்த இளைஞன் போன்ற ஆட்களே அவளுக்கு இருக்கவில்லை. அந்த ஆட்கள் நாங்களாக இருந்திருக்கவேண்டும்.

இன்று நிலைமை வேறு. கைதடியிலும் இரத்மலானையிலும் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலைகள் உண்டு. பிரெய்ல் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் உண்டு. வாசித்துச் சொல்லும் கைத்தொலைபேசியும் உண்டு. ஆனாலும் தமிழில் ஒலிவடிவில் கிடைக்கும் பாடநூல்களும் துணைநூல்களும் போதாது என்று அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர்கள் சொல்கிறார்கள். பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பதற்கும் ஆட்கள் தேவை.

ஆகவே எங்கள் வகுப்பின் சார்பில் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, நூற்றாண்டு ஞாபகமாக எங்கள் சங்கம் ஒரு வாசிப்பு வட்டத்தைத் தொடங்கவேண்டும். ரொறன்ரோவில் இருப்பவர்களும் லண்டனிலும் மெல்பேணிலும் இருப்பவர்களும் காசு அனுப்புவதோடு குரலையும் அனுப்பலாம். ஒரு பாடவேளை 40 நிமிடம். றெயிலுக்குப் போகும் அவசரத்தில் டோன் ஃபனிக்குக் கொடுத்த நேரமும் அதுதான். மாதத்தில் ஒரு 40 நிமிடம் ஒருவர் ஒரு பாடத்தைத் தெளிவாக வாசித்துப் பதிவுசெய்தால், வருடத்தில் பன்னிரண்டு பாடம். ஐம்பது பேர் சேர்ந்தால் அறுநூறு. இரண்டாவது, இந்தப் பாடசாலைக்குப் பார்வைக் குறைவுள்ள பிள்ளை வந்து கேட்டால் இல்லை என்று சொல்லாதிருக்க வழிசெய்யும்படி அதிபரிடம் பணிவாகக் கேட்கிறோம். அதற்கு வேண்டிய ஆள் உதவி எங்கள் பொறுப்பு. மூன்றாவது, ஒவ்வொரு வகுப்பும் தங்கள் வாங்கில் வெறுமையான இடம் எது என்று நினைத்துப் பார்க்கவேண்டும். கண்ணாக இருக்கலாம், காசாக இருக்கலாம், கலியாணமாக இருக்கலாம், யுத்தமாக இருக்கலாம். ஒரு பெயராவது எல்லோருக்கும் நினைவு வரும். தேடிப் போங்கள்.

எங்கள் தோழிக்காக நாங்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டோம். எதை வாசிக்க என்று கேட்டதற்கு, ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் புத்தகம் என்றாள். விட்ட இடம் அதுவாம். பழைய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்துவிட்டோம். மூன்று பேரும் முறைவைத்து வாசிக்கிறோம். இடையில் நிறுத்தி எங்களைக் கேள்வி கேட்கிறாள். எங்களுக்குத்தான் பதில் தெரியவில்லை.

இன்றைய ஆராதனைக்கு அவள் வந்திருக்கிறாள். கடைசிப் பாட்டில் இரண்டாம் குரல் பிசகாமல் போனதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அவளுடைய இடம் இன்று வெறுமையாக இல்லை.

 வாசிப்பு வட்டத்தில் பெயர் கொடுப்பதற்கான கொப்பி வாசலில் இருக்கும் மேசையில் இருக்கிறது.